புத்தளத்து ஆபிரிக்கர்: மொழி போன பின்னும் நின்ற பாட்டு

கொழும்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது புத்தளம். சிலாபத்தைத் தாண்டும்வரை தென்னந்தோப்புகளே கண்ணுக்குத் தெரியும். அதன்பின் மண் வறளத் தொடங்கும். தென்னைக்கிடையே பனை தலைகாட்டும். காற்றில் உப்பு மணக்கும். மேற்கே கடல், கிழக்கே களப்பு, இரண்டுக்கும் நடுவே நீண்ட மணல்நிலமாகக் கற்பிட்டிக் குடாநாடு கிடக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து கலக்கும் அந்தப் பெருங்களப்பின் ஓரத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வடக்கே வில்பத்துக் காடு. ஊரின் பெயரே 'புது அளம்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அளம் என்றால் உப்பு விளையும் நிலம்.

இந்தக் கரைக்கு வருகிற பயணிகள் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று எப்போதும் உண்டு. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கற்பிட்டிக் கோட்டை, தலவில புனித அன்னம்மாள் ஆலயம், முன்னேஸ்வரம், உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு, கற்பிட்டிக் கடலில் ஓங்கில்கள், வில்பத்துவில் சிறுத்தை. அண்மைக் காலமாக அப்பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் சேர்ந்துள்ளது. புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிராம்பியடி என்ற சிற்றூரின் 'மஞ்சா' ஆட்டமும் பாட்டுமே அது. ஆபிரிக்க வம்சாவளியினர் பாடுவது என்பதால் அது ஒரு விநோதமாகக் காட்டப்படுகிறது. அந்த மக்களின் வரலாறு தமிழர்களாகிய நமக்கும் சொல்லும் சேதி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வந்தேறிய கரை

புத்தளக் கரை வந்தவர்களால் ஆன கரை. வில்பத்துவை ஒட்டிய குதிரைமலை முனையைத்தான் உரோமானிய எழுத்தாளர் பிளினி 'ஹிப்புரோஸ்' என்ற துறைமுகமாகக் குறிப்பிட்டார் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். கிரேக்கத்தில் குதிரையைக் குறிக்கும் சொல் அப்பெயரில் ஒலிப்பது இதற்கு ஒரு காரணம். அன்னியஸ் புளோகமஸ் என்பவரின் ஏவலாள் ஒருவர் அரேபியக் கடலில் காற்றில் அகப்பட்டு அத்துறையில் வந்து ஒதுங்கினார் என்பது பிளினி சொல்லும் கதை.

1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவும் காற்றினால் தள்ளப்பட்டே இங்கு வந்து சேர்ந்தார். 'பத்தாலா' என்று அவர் எழுதிய ஊர் புத்தளமே என்பது பொதுவான முடிவு. மரத்தாலான மதிலும் கோபுரங்களும் கொண்ட சிறிய அழகிய ஊர் என்கிறார். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததையும், தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிச் சென்றதையும் பதிவு செய்கிறார். அங்கே அவர் சந்தித்த மன்னன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னனுக்குப் பாரசீகம் புரிந்தது என்பது பதூதா தரும் சுவையான தகவல். பாவா ஆதம் மலைக்குச் செல்ல அவருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகிகளும் பிராமணர்களும் அளித்து அனுப்பியவர் அம்மன்னரே. ஒரு முஸ்லிம் பயணிக்கு, ஒரு சைவ மன்னன், சிங்கள அரசின் எல்லைக்குள் இருந்த மலைக்குச் செல்ல வழியமைத்துக் கொடுத்தான். அன்றைய புத்தளத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில் கோவாவிலிருந்து வந்து மறைவாகப் பணியாற்றிய குருமாரில் ஜோசப் வாஸ் அடிகளாரும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் முதன்மையானவர்கள். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியவர். 1742இல் இம்மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள போலவத்தையில் மறைந்தவர். இரண்டு மொழியிலும் மறை போதித்தால்தான் இக்கரையில் மக்களை அடைய முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழ் வாசகர் நன்கறிந்த இன்னொரு பெயரும் இக்கரைக்கு உரியது. 'தமிழ் புளூட்டாக்' என்ற தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். 1834இல் இலங்கை பற்றிய விவரத் திரட்டான 'சிலோன் கெசற்றியர்' என்ற நூலை அச்சிட்டவரும் அவரே. சட்டநிரூபண சபையில் தமிழருக்கான உறுப்பினராக இருந்தார். ஆங்கிலேயர் நடத்திய இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் என்ற பெருமையும் பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்பிட்டி, புத்தளம், சிலாபம் ஆகிய ஊர்களில் வணிகமும் வழக்கும் வழிபாடும் தமிழில் நடந்தன என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

அடிமையாகவும் படைவீரராகவும்

இக்கரைக்குத் தம் விருப்பமின்றி வந்து சேர்ந்தவர்கள் ஆபிரிக்கர். போர்த்துக்கேயரின் கீழைத்தேயப் பேரரசுக்குக் கோவா தலைமையிடம். கிழக்கு ஆபிரிக்காவின் மொசாம்பிக் 1752 வரை கோவாவிலிருந்தே ஆளப்பட்டது. ஆகவே மொசாம்பிக்கில் பிடிக்கப்பட்ட மனிதர் கோவாவுக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டுவரப்படுவது அப்பேரரசின் வழமையான போக்குவரத்தாக இருந்தது. வீட்டு ஏவலுக்கும் கோட்டை வேலைக்கும் போருக்கும் அவர்கள் பயன்பட்டனர்.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் இதே வழியைத் தொடர்ந்தனர். கொழும்புக் கோட்டையில் உழைத்த அடிமைகளை இரவில் தனியே அடைத்துவைத்த இடமே ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' எனப்பட்டது. தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். ஆங்கிலப் பெயரையும் உள்ளூர்ப் பெயருக்கு மாற்றும் முடிவை அரசாங்கம் 2022இல் எடுத்தது. அடிமைகளை ஒரே இடத்தில் அடைக்கும் வழக்கம் கடுமையானதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் அடிமைகளால் கொல்லப்பட்ட சம்பவம் காரணம் என்று வரலாறு கூறுகிறது.

1796இல் கரையோரத்தைப் பெற்ற ஆங்கிலேயருக்குக் கண்டியை வெல்லப் படை தேவைப்பட்டது. முதல் ஆளுநர் பிரடெரிக் நோர்த்தின் காலத்தில் மலாயரோடு ஆபிரிக்கரையும் சேர்த்து இலங்கைப் படையணிகள் அமைக்கப்பட்டன. கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆட்கள் விலைக்கு வாங்கப்பட்டனர். அடிமையாக விற்கப்பட்டவன் சீருடை அணிந்து, தனக்குப் பகையில்லாத ஒரு மலைநாட்டரசன் மீது துப்பாக்கி நீட்டினான். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். பழைய படையணிகளின் வழித்தோன்றலான இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டது 1873இல். இக்காலப்பகுதியில் சேவையிலிருந்து விடுபட்ட ஆபிரிக்க வீரர் சிலர் தாம் நிறுத்தப்பட்டிருந்த புத்தளத்திலேயே குடும்பமாகத் தங்கினர். அவர்களுடைய சந்ததியினரே சிராம்பியடி மக்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, நீர்கொழும்பு ஆகிய இடங்களிலும் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் இருந்தன. கூட்டமாக ஒரே ஊரில் எஞ்சியிருப்போர் என்று சொல்லத்தக்கவர்கள் சிராம்பியடியினரே. அவர்களும் சில பத்துக் குடும்பங்கள்தாம்.

அவர்களை ஆங்கிலத்தில் 'காபிர்' என்றனர்; சிங்களத்தில் 'காப்பிரி' என்பர்; தமிழிலும் காப்பிரி, காப்பிலி என்ற வழக்குகள் உண்டு. இறைமறுப்போரைக் குறிக்கும் அரபுச் சொல் அது. முஸ்லிம் அல்லாத கறுப்பினத்தவரை அரபு வணிகர் அவ்வாறு அழைக்க, போர்த்துக்கேயர் அச்சொல்லை எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்காவில் இன்று அது வாயால் உச்சரிக்கக் கூடாத வசைச்சொல். இலங்கையிலோ அம்மக்கள் தம்மைத் தாமே அப்பெயரால் குறிப்பிடுகின்றனர். வசையாகப் பிறந்த சொல்லுக்குள்ளே ஒரு சிறு சமூகம் தன் அடையாளத்தை வைத்துக்கொண்டது.

மூன்று மொழிகள், ஒரு பாட்டு

ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் பேசிய மொழிகள் எவை என்று இன்று பிரித்தறிய இயலாது. வெவ்வேறு ஊர்களில் பிடிக்கப்பட்டவர்களுக்கு இடையே பொதுமொழி இல்லை. எசமானரின் போர்த்துக்கேயமும் உள்நாட்டு மொழிகளும் கலந்து உருவான இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்பு மொழியே அவர்களுடைய தாய்மொழியாயிற்று. ஒல்லாந்தர் காலத்திலும் இக்கலப்பு மொழியே கரையோரப் பட்டினங்களின் பொதுப்பேச்சாக நிலைத்தது. ஆண்ட ஒல்லாந்தரின் வீடுகளிலேயே அதுதான் பேசப்பட்டது.

அம்மொழியும் சிராம்பியடியில் நிலைக்கவில்லை. அயலவரோடு மணவுறவு கலந்தது. பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போயினர். இன்று அவர்களுடைய பேச்சுமொழி சிங்களம்; சமயம் கத்தோலிக்கம். முதியோர் சிலரின் நினைவில் கலப்பு மொழிச் சொற்கள் உதிரியாக நின்றன. முழுமையாக எஞ்சியது 'மஞ்சா' மட்டுமே.

மஞ்சா மெதுவாகத் தொடங்கும். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வர். மத்தளத்தோடு தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் மர நாற்காலியும் தாளக்கருவிகள். வாத்தியம் வாங்க வசதியற்றவர் வீட்டிலிருந்ததை எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. தாளம் வரவர விரையும். அமர்ந்திருந்தோர் எழுந்து ஆடுவர். உச்சத்தில் சட்டென்று நிற்கும். சொற்கள் கலப்புப் போர்த்துக்கேயம். பாடுகிறவர்களில் இளையோருக்கு அடிகள் மனப்பாடம். பொருள் முழுமையாகத் தெரியாது. இலண்டனில் பணியாற்றிய ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்றோர் இப்பாடல்களைப் பற்றி எழுதியுள்ளனர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் இன்றும் பேசும் கலப்பு மொழியை லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஊகோ கார்டோசோவின் குழு ஒலி, ஒளிப் பதிவுகளாகச் சேகரித்துள்ளது.

இவ்விசை நமக்கு அந்நியமானதன்று. 'கப்பிரிஞ்ஞா' என்ற ஆட்டத்தின் பெயரிலேயே காப்பிரி இருக்கிறார். அந்த ஆட்டமும் போர்த்துக்கேயரின் 'பைலா'வும் கலந்து வளர்ந்ததே இலங்கைப் பைலா இசை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வாலி பஸ்தியான் அதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். 1970களில் ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. திருமண வீட்டில் அந்தத் தாளத்துக்குக் கால் அசைக்காத இலங்கைத் தமிழர் குறைவு. அந்தத் துள்ளலில் மொசாம்பிக்கிலிருந்து கப்பலேற்றப்பட்ட மனிதரின் பங்கு இருக்கிறது என்பதை அறிந்து ஆடியவர் இன்னும் குறைவு.

அதே கரையில் தமிழ்

சிராம்பியடியினர் மொழியிழந்ததை வியப்போடு கேட்கும் தமிழர், அதே கரையோரத்தில் தமிழுக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையும் அதற்கு வடக்கேயும் உள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஒருகாலத்தில் வீட்டிலும் ஆலயத்திலும் பாடசாலையிலும் தமிழே வழங்கியது. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைகளின் போதனா மொழி சிங்களமாயிற்று. ஆலயத்தின் பிரசங்கமும் மாறியது. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அரச வேலையின் மொழியைத் தீர்மானித்தது. எவரையும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. பெற்றோர் பிள்ளைகளின் பிழைப்பை எண்ணினர், அவ்வளவே. பாட்டி தமிழில் செபமாலை சொன்னாள். மகள் இரண்டு மொழியிலும் பேசினாள். பேத்திக்குப் பாட்டியின் செபம் வெறும் ஒலியாயிற்று. நீர்கொழும்பின் மீனவர் சிலரிடம் சிங்கள இலக்கணம் ஏறிய ஒருவகைத் தமிழ் இன்றும் வீட்டுப் பேச்சாக இருக்கிறது. படிப்பும் எழுத்தும் அதில் இல்லை.

தமிழ் நிலைத்த இடங்களும் இதே மாவட்டத்தில் உண்டு. உடப்பில் நிலைத்தது. அங்கே ஆண்டுதோறும் பதினெட்டு நாள் திரௌபதை அம்மன் விழாவில் பாரதக்கதை தமிழில் படிக்கப்படுகிறது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு தமிழில் எழுகிறது. பாடசாலை தமிழில் நடக்கிறது. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களிடம் நிலைத்தது. பள்ளிவாசலின் பயானும் மதரசாவின் விளக்கமும் பாடசாலைக் கல்வியும் தமிழில் தொடர்ந்ததே காரணம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் அடைக்கலம் தேடியதும் இந்தப் புத்தளத்தில்தான். தமிழின் பெயரால் நடந்த போரில் வீடிழந்தவர்கள், கையில் எடுத்துவந்த சிலவற்றோடு யாழ்ப்பாணத்துத் தமிழையும் மன்னார்த் தமிழையும் இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். வரலாற்றில் இதற்கு நிகரான முரண் அரிது. நாம் மறக்கக் கூடாத முரணும் அதுவே.

இவ்வூர்களை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். குருதியும் தொன்மையும் மொழியைக் காப்பதில்லை. மொழிக்கு வாரந்தோறும் செய்ய ஒரு வேலை இருந்தால் அது பிழைக்கும். பள்ளிக்கூடத்திலோ, வழிபாட்டிலோ, தொழிலிலோ அந்த வேலை இருக்க வேண்டும். மூன்றும் கைவிட்டால் இரண்டு தலைமுறையில் பேச்சு போய்விடும். பாட்டு மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் நிற்கும்.

உலகெங்கும் இதே கதை

மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மக்கள், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலும் அண்டை நாட்டிலும் வாழ்பவர்கள். அவர்களில் பெருந்தொகையினர் அடிமைகளாகக் கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் விற்கப்பட்டனர். இன்று கியூபாவில் எவரும் யொரூபாவை வீட்டில் பேசுவதில்லை. ஆயினும் 'ஒரிஷா' தெய்வங்களை அழைக்கும் பாடல்கள் அம்மொழியில் பாடப்படுகின்றன. பொருள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் தெய்வத்துக்குரிய மொழியாக அது வாழ்கிறது. அங்கே பாட்டைத் தாங்க வழிபாடு இருந்தது. சிராம்பியடியில் பாட்டைத் தாங்குவது பாடுகிறவர்களின் மனம் மட்டுமே. இந்தியாவில் கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழும் சித்திகளின் நிலையும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கன்னடம், கொங்கணி, குஜராத்தி என்று பேச்சு மாறிவிட்டது. ஆட்டமும் முழவும் நின்றுள்ளன.

தமிழர் இதைத் தள்ளிநின்று பார்க்க முடியாது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் டர்பன் சென்றவர்களின் சந்ததியினர் இன்று ஆங்கிலம் பேசுகின்றனர், காவடி எடுக்கின்றனர், ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தேவாரத்தைப் பாடுகின்றனர். மொரீசியசின் நாணயத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குப் பின்னே தள்ளியபோது எழுந்த எதிர்ப்பினால் அத்தாள்களையே திரும்பப் பெற நேர்ந்தது. அந்த உணர்வு போற்றத்தக்கது. ஆனால் அங்குள்ள தமிழர் வீடுகளின் மொழி கிறியோல். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் அரங்கேற்றம் காணும் நம் பிள்ளைகள் பலர் பாடும் கீர்த்தனையின் பொருளை வீட்டில் யாரிடம் கேட்கிறார்கள்? சிராம்பியடியின் இளையோர் பொருளறியாது பாடுவதைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது.

காட்சிப்பொருளும் மனிதரும்

மன்னார்ப் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய மரம், ஒட்டகத் தீனிக்காக அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது வழக்கு. அதற்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் உண்டு; பயணிகள் கைகோத்து அதன் சுற்றளவை அளக்கிறார்கள். மரத்துக்குப் பேச்சில்லை, ஆகவே வேலி போதும். மக்களின் பண்பாட்டுக்கு வேலி போதாது.

மஞ்சாவை விழா மேடைகளில் ஏற்றுவது தவறில்லை. அதனால் சிறு வருமானமும், அயலவரிடையே மதிப்பும் அம்மக்களுக்குக் கிடைக்கின்றன. சிறு வயதில் நிறத்துக்காகக் கேலி செய்யப்பட்டோர் மேடையில் கைதட்டல் பெறுவது சிறிய காரியமன்று. ஆனால் பத்து நிமிட ஆட்டத்தைப் படம்பிடித்துத் திரும்புகிறவர்கள் பாட்டின் பொருளைக் கேட்பதில்லை. ஒவ்வொரு பாடலையும் முதியோர் பாட, மட்டக்களப்பில் இன்னும் கலப்பு மொழி பேசுகிறவர்களைக் கொண்டு பொருள் எழுதி, சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு, சிராம்பியடிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது பெரும் செலவாகாது. இலங்கையின் பாடநூல்களில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றனர். அவர்கள் கப்பலின் அடித்தட்டில் கொண்டுவந்த மனிதருக்கும் சில பக்கங்கள் உரியவை.

புத்தளத்துக்குச் செல்லும் வாசகர்கள் கோட்டையையும் ஓங்கில்களையும் காண்க, தீமிதிப்பையும் காண்க. முடிந்தால் சிராம்பியடிக்கும் செல்க. அங்கே பாட்டு முடிந்ததும் கைதட்டுவதோடு நின்றுவிடாமல், அந்த அடிகளை யாரிடம் கற்றார்கள், அவற்றின் பொருள் என்ன என்று கேளுங்கள். பொருள் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருக்கும்வரைதான் அக்கேள்விக்கு விடை உண்டு.